மறு: மாட்யூலின் ரெஃபரன்ஸ் கவுண்ட் - தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

திங்கட்கிழமை மூன்றாமாண்டுப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) ஆய்வகம். கையேட்டில் ‘ரெஃபரன்ஸ் கவுண்ட்’ என்ற இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் இடம் காலியாக இருக்கிறது. ‘மேற்கோள் எண்ணிக்கை’ ஆய்வுக் கட்டுரைக்குச் சரி, இதற்கு ஒட்டாது. ‘சுட்டு எண்ணிக்கை’ என்றால் பாயின்டருக்கு (நினைவக முகவரியைக் காட்டும் மாறி) வைத்த சுட்டியோடு குழம்பும்.

மாட்யூல் என்பது கர்னல் ஓடும்போதே சேர்க்கவும் கழற்றவும் கூடிய நிரல்துண்டு. அதை எத்தனை பேர் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அந்த எண். அது பூச்சியமாகும்வரை ஆர்எம்மாட் (மாட்யூலைக் கழற்றும் கட்டளை) கழற்றாது. கடைமடை வயல் பாய்ந்துகொண்டிருக்கும்போது நாம் மதகை அடைப்பதில்லை அல்லவா? கர்னலின் 2.4 பதிப்பு வரை மாட்யூலே தன் எண்ணைக் கூட்டிக்கொள்ளும். அழைப்பவர் மாட்யூலுக்குள் நுழைந்த கணத்துக்கும் கூட்டும் கணத்துக்கும் நடுவே யாராவது கழற்றிவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் நிரலே நினைவகத்தில் இருக்காது. அதனால் 2.6 பதிப்பில் அழைப்பவர் வெளியிலிருந்தே ‘டிரை மாட்யூல் கெட்’ போட்டுப் பிடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். வெளியே வந்ததும் ‘மாட்யூல் புட்’ போட்டு விட்டுவிட வேண்டும். மாட்யூல் வெளியேறத் தொடங்கிவிட்டால் பிடி கிடைக்காது. ஆகவே ‘பிடி எண்ணிக்கை’ என்கிறேன்.
- கும்பகோணம்

ஐயா, ‘பற்று’ இருக்கப் பிடி எதற்கு? பிடி என்றால் பெண்யானையும்தான். 350ஆம் குறளைப் பாருங்கள், பற்றுவதும் விடுவதும் அதிலேயே இருக்கின்றன. கெட், புட் இரண்டுக்கும் வேர் ஒன்றே கிடைக்கிறது. நம் வீட்டுப் பத்துப் பாத்திரமும் பற்றுப் பாத்திரம்தான், சோறு பற்றியிருப்பதால். மட்டக்களப்புப் பக்கம் மண்முனைப்பற்று என்று நிலப்பகுதிக்கே பெயர். பற்றெண் என்று சுருக்கமாக வைக்கலாம்.
- மன்னார்குடி

அம்மா, மளிகைக் கடை நோட்டில் பற்று என்றால் கடன் கணக்கு. பிள்ளைகள் பற்று வரவு என்றே படிப்பார்கள். பிடியிலும் சிக்கல் உண்டு: லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவரே நுழையவிடும் தடை) எடுப்பதையும் ‘பிடி’ என்றுதான் சொல்கிறோம். 2.4இல் எண்ணைக் கூட்டிய பழைய மேக்ரோவின் (நிரலில் வைக்கும் குறுக்குப்பெயர்) பெயரிலேயே யூஸ் கவுண்ட் இருக்கிறது. மாட்யூல்களைப் பட்டியலிடும் எல்எஸ்மாட் கட்டளையில் இந்த எண் வரும் பத்தியின் தலைப்பும் ‘யூஸ்டு பை’. ‘பயன் எண்ணிக்கை’ போதும். இல்லாவிட்டால் ரெஃப்கவுண்ட் என்றே விடுங்கள். பிழைச்செய்தி எப்படியும் ஆங்கிலத்தில்தான் வரும்.
- திருவாரூர்

தம்பி, பயன் என்றால் பலன் என்று எடுத்துக்கொள்வார்கள். யார் பிடித்திருக்கிறார் என்பது அதில் தொலைந்துபோகிறது. அதுதானே 2.6இல் மாறியது? லாக்குக்குப் ‘பூட்டு’ இருக்கிறது. இன்றிரவு அச்சுக்குப் போக வேண்டும், பிடி எண்ணிக்கை என்றே போடுகிறேன்.
- கும்பகோணம்

போடுங்கள் ஐயா. நான் பற்றெண்ணை விடவில்லை. ‘பிடி’தான் என்றால், உடம்படுமெய் இட்டுப் பிடியெண் என்றாவது எழுதுங்கள்.
- மன்னார்குடி