ஹப்பிள் மாறிலி: பிழை தூர ஏணியிலா, கோட்பாட்டிலா?

செங்கதிர்:
ஹப்பிள் மாறிலி என்பது பேரண்டம் இன்று விரியும் வீதம். பேரண்டத்தின் ஆதிகால ஒளியிலிருந்து பிளாங்க் செயற்கைக்கோள் தந்த 2018 மதிப்பு 67.4 ± 0.5. தூர ஏணி வழியாக, அதாவது செஃபைட் எனும் துடிக்கும் விண்மீன்களைக் கொண்டு சூப்பர்நோவாக்களின் (வெடிக்கும் விண்மீன்கள்) தூரத்தைக் கணித்து, ஆடம் ரீஸ் குழு 2022-இல் அளந்தது 73.04 ± 1.04. (அலகு: கி.மீ./நொடி/மெகாபார்செக். ஒரு மெகாபார்செக் சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு.) 5 சிக்மா இடைவெளி (தற்செயல் என்று தள்ள முடியாத அளவு) என்றதும் பலர் புது இயற்பியல் தேடப் போய்விட்டார்கள். எனக்குச் சந்தேகம் ஏணியின் மேல்தான். ஹப்பிள் தொலைநோக்கியின் அகச்சிவப்புக் கேமராவில் ஒரு பிக்சல் 0.13 ஆர்க்செகண்ட் (ஆர்க்செகண்ட்: ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு). தொலைவு கூடக்கூட, செஃபைடின் ஒளியோடு அக்கம்பக்கத்து விண்மீன்களின் ஒளியும் அதில் கலக்கும். அதைக் கழிக்கும் திருத்தம் போதாமல் போனால் செஃபைட் கூடுதல் பிரகாசமாகத் தெரியும், தூரம் குறையும், மாறிலி ஏறும்.

வடமீன்:
திசை சரி. அளவுதான் இடிக்கிறது. 73.04-ஐ 67.4-ஆல் வகுத்தால் 1.084, அதன் மடக்கையை 5-ஆல் பெருக்கினால் 0.17 மேக்னிட்யூட் (விண்மீன் பிரகாசத்தின் அளவு). அவ்வளவு பெரிய பிழை ஒரே பக்கமாக இருக்க வேண்டும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் பிக்சல் 0.031 ஆர்க்செகண்ட்தான். 2024-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செஃபைட்களை அதில் மறுபடி அளந்தார்கள். ஹப்பிளுக்கும் வெப்புக்கும் வித்தியாசம் 0.01 மேக்னிட்யூட், பிழைவரம்பு 0.03. சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்.ஜி.சி. 5468 என்ற விண்மீன் மண்டலமும் அதில் அடக்கம். தூரத்தோடு வளரும் பிழையாக இருந்தால் அங்கேதான் முதலில் பிடிபட்டிருக்கும். கலப்பொளி விளக்கத்தை அந்தக் கட்டுரை 8.2 சிக்மாவில் நிராகரித்தது.

செங்கதிர்:
சரி, கலப்பொளியை விட்டுவிடுகிறேன். ஆனால் வெண்டி ஃப்ரீட்மன் குழுவும் அதே ஆண்டு வெப்பைத்தான் பயன்படுத்தியது. சிவப்புப் பெருவிண்மீன் கிளையின் உச்சியை (அவ்வகை விண்மீன்கள் எட்டும் உச்சப் பிரகாசம்) வைத்து 69.85, கார்பன் விண்மீன்களை வைத்து 67.96, செஃபைட்களை வைத்து 72.05. ஒரே மண்டலங்களில் மூன்று அளவுகோல், மூன்று விடை! இதை வைத்துக்கொண்டு ரீஸ் குழுவின் அளவு 1.4% துல்லியம் என்று எப்படிச் சொல்வது?

வடமீன்:
அந்த மாதிரியின் அளவைப் பாருங்கள்: 10 மண்டலம், 11 சூப்பர்நோவா. ஒவ்வொரு சூப்பர்நோவாவின் இயல்பான சிதறலே ஏறக்குறைய 0.13 மேக்னிட்யூட். 11-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.04, மாறிலியில் அது 1.3 அலகு ஆட்டம். ரீஸ் குழுவிடம் 42 இருந்தன, ஆட்டம் அதில் பாதி. இரு குழுவும் அளந்த மண்டலத் தூரங்கள் நன்றாகவே ஒத்துப்போகின்றன. எந்தச் சூப்பர்நோவாக்கள் சிறு மாதிரியில் விழுந்தன என்பதில்தான் பெரும் வேறுபாடு.

செங்கதிர்:
2025-இல் ஃப்ரீட்மன் குழு 24 சூப்பர்நோவாக்கள் வரை கூட்டியது. விடை 70.39. மாதிரிதான் காரணம் என்றால் 73-ஐ நோக்கி இன்னும் ஏறியிருக்க வேண்டாமா? அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது.

ரோகிணி_27:
நியாயமான கேள்விதான். ஆனால் இருவரும் ஏணியின் அடியிலேயே நிற்கிறீர்கள். 73 உண்மை என்றே வைத்துக்கொள்வோம். பேரண்டத்தின் ஆதிகால ஒலி அலை கடந்த தூரம் (பிளாங்க் கணக்கின் அளவுகோல் இதுதான்) 147 மெகாபார்செக்கிலிருந்து 137 அளவுக்குச் சுருங்க வேண்டும். பிற்காலத்து இருண்ட ஆற்றலை (விரிவை வேகப்படுத்தும் ஆற்றல்) மாற்றி இதைச் சரிக்கட்ட முடியாது. சூப்பர்நோவாக்களும் மண்டலப் பரவலும் விரிவின் வடிவத்தை இறுக்கிப் பிடித்துவைத்திருக்கின்றன. ஆகவே, செந்நகர்வு 3500-ஐ ஒட்டி (பேரண்டம் மிக இளமையாக இருந்த காலம்) மொத்த ஆற்றலில் சுமார் 10% பங்கு வகித்து, பிறகு வேகமாக மறையும் ஒரு கூறு தேவை. அதைச் சேர்த்தால் பருப்பொருளின் திரட்சி கூடுகிறது. ஈர்ப்பு வில்லை ஆய்வுகள் (ஈர்ப்பால் ஒளி வளைவதை வைத்துத் திரட்சியை அளப்பவை) பலவோ குறைவான திரட்சியையே காட்டியிருக்கின்றன. அட்டகாமாத் தொலைநோக்கியின் 2025 தரவிலும் அந்தக் கூறுக்குச் சான்று கிடைக்கவில்லை.

வடமீன்:
ஒப்புக்கொள்கிறேன், அந்தக் கோட்பாடு பலவீனமானதுதான். அதற்காக அளவீடு தவறாகிவிடாது. ஏணியே வேண்டாத வழி ஈர்ப்பலை. 2017-இன் நியூட்ரான் விண்மீன் மோதல் ஒன்றே 70 தந்தது, பிழைவரம்பு மேலே 12, கீழே 8. பிழை, மோதல்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் குறையும். 2% துல்லியத்துக்கு, ஒளியும் சேர்ந்து தெரிகிற அத்தகைய மோதல்கள் குறைந்தது ஐம்பது தேவை.