கார்ட்டை ஒருவர் நிரப்ப, பணத்தை வேறொருவர் செலுத்த வழி உண்டா?

சுங்குடிக்கடை:

வணக்கம். சின்னாளப்பட்டியில் உள்ள எங்கள் சுங்குடிச் சேலைக் கடைக்கு வேர்ட்பிரஸில், இணையக் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் என்ற மென்பொருளைக் கொண்டு இணையதளம் அமைத்திருக்கிறோம். சேலையைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் ஊரில் இருக்கும் அம்மாவாகவோ மாமியாராகவோ இருக்கிறார். பணம் செலுத்துபவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகனாகவோ மகளாகவோ இருக்கிறார். அம்மா சேலைகளைக் கார்ட்டில் சேர்த்துவிட்டு மகனைத் தொலைபேசியில் அழைக்கிறார். மகன் அட்டையின் எண்ணையும், காலாவதித் தேதியையும், பின்புறமுள்ள மூன்று இலக்கங்களையும் வாசித்துவிட்டு, தன் கைப்பேசிக்கு வரும் ஓடிபியையும் சொல்கிறார். அதற்குள் நேரம் கடந்துவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அட்டை விவரங்களை இப்படி வாய்விட்டு வாசிக்கும் பழக்கத்திற்கு எங்கள் கடை காரணமாக இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது.

சிலர் கார்ட் பக்கத்தின் முகவரியை வாட்ஸ்அப்பில் மகனுக்கு அனுப்புகிறார்கள். அவர் திறந்து பார்த்தால் கார்ட் காலியாக இருக்கிறது. நிரப்பிய கார்ட்டை அப்படியே இன்னொருவருக்கு அனுப்பிப் பணம் செலுத்த வைக்க முடியுமா? கார்ட்டைப் பகிர்வதற்கென்று பிளகின்கள் (கூடுதல் மென்பொருள்கள்) சில இருக்கின்றன. அவற்றை வாங்கலாமா?

வலைநெசவு:

வணக்கம். மகன் திறக்கும்போது கார்ட் காலியாக இருப்பதற்குக் காரணம், அது அந்தப் பக்கத்தின் முகவரியில் இல்லை என்பதுதான். அம்மாவின் பிரவுசரில் தளம் சேமித்துவைக்கும் குக்கி என்ற சிறு குறிப்பை அடையாளமாக வைத்தே, அவருடைய கார்ட்டில் என்ன இருக்கிறது என்பதை வூகாமர்ஸ் தன் தரவுத்தளத்திலிருந்து எடுத்துக் காட்டுகிறது. கணக்குத் தொடங்காமல் வாங்குபவருக்கு அந்தப் பதிவு இயல்பாக 48 மணி நேரம்தான் இருக்கும். நீங்கள் சொல்லும் பிளகின்கள், பெரும்பாலும், அதே பொருள்களை மகனுடைய பிரவுசரில் புதிய கார்ட்டாக நிரப்பித் தருகின்றன. பிறகு பெயர், முகவரி, கூப்பன் அனைத்தையும் மகனே மறுபடியும் இட வேண்டும். பெரும்பாலான மகன்கள் அந்த இடத்தில் தங்கள் சிங்கப்பூர் முகவரியைத்தான் இடுவார்கள்.

எனவே கார்ட்டைப் பகிராமல், அதை ஆர்டராக மாற்றி, அந்த ஆர்டருக்குப் பணம் செலுத்தும் இணைப்பைப் பகிருமாறு பரிந்துரைக்கிறேன். வூகாமர்ஸிலேயே இதற்கு வழி இருப்பதால் தனிப் பிளகின் தேவையில்லை. வாங்குபவர் செக்அவுட் எனப்படும் கடைசிப் பக்கத்தில் விவரங்களை நிரப்பி ஆர்டர் பொத்தானை அழுத்தியவுடன், பணம் வருவதற்கு முன்பே, 'பணம் நிலுவை' என்ற நிலையில் ஓர் ஆர்டர் பதிவாகிவிடுகிறது. அவர் அங்கேயே நிறுத்திவிட்டு உங்களிடம் தெரிவித்தால் போதும். நிர்வாகப் பகுதியில் அந்த ஆர்டரைத் திறந்தால், வாடிக்கையாளர் பணம் செலுத்தும் பக்கத்திற்கான இணைப்பு அதன் நிலையைக் காட்டும் பெட்டிக்கு அருகிலேயே இருக்கும். அதை நகலெடுத்து மகனுக்கு அனுப்புங்கள். எந்தச் சேலை, எத்தனை, மொத்தம் எவ்வளவு என்பதை அவர் தன் கண்ணால் பார்த்துத் தன் அட்டையிலோ யுபிஐயிலோ செலுத்தலாம்; பணம் வந்ததும் ஆர்டரின் நிலை தானாக மாறிவிடும்.

இதில் மூன்று இடங்களில் கவனம் தேவை. முதலாவதாக, பணம் வராத ஆர்டருக்காகச் சரக்கு இருப்பை ஒதுக்கிவைக்கும் நேரம் வூகாமர்ஸ் அமைப்பில் இயல்பாக 60 நிமிடங்கள் என்று இருக்கிறது. அதற்குள் பணம் வராவிட்டால் செக்அவுட்டில் உருவான நிலுவை ஆர்டர் ரத்தாகிவிடும். அம்மா காலையில் தேர்ந்தெடுத்ததை மகன் வேலை முடிந்து இரவில்தான் பார்ப்பார் என்பதால், இதை 1440 நிமிடங்களாக, அதாவது ஒரு முழு நாளாக, மாற்றிவிடுங்கள். இரண்டாவதாக, அம்மா தன் கணக்கில் நுழைந்து ஆர்டர் செய்திருந்தால், அந்த இணைப்பைத் திறக்கும் மகனிடமும் அம்மாவின் கணக்கில் நுழையச் சொல்லியே கேட்கும். ஆகவே இத்தகைய ஆர்டர்களைக் கணக்கில் நுழையாமல் செய்யச் சொல்லுங்கள். மூன்றாவதாக, அப்படிச் செய்த ஆர்டருக்கும்கூட, வூகாமர்ஸின் அண்மைக் காலப் பதிப்புகள், ரசீதுக்கான விவரங்களை இடும் பில்லிங் பகுதியில் உள்ள மின்னஞ்சல் முகவரியைக் கேட்டுச் சரிபார்த்த பிறகே பக்கத்தைக் காட்டுகின்றன. ஆகவே பில்லிங் பகுதியில் மகனுடைய பெயரும் மின்னஞ்சலும், டெலிவரி முகவரியில் அம்மாவின் விவரங்களும் இருக்குமாறு செய்துவிட்டால், சரிபார்ப்பும் எளிதாகும், ரசீதும் பணம் கொடுத்தவருக்கே போய்ச்சேரும்.

சுங்குடிக்கடை:

மிக்க நன்றி. பரிசோதனையாக ஓர் ஆர்டர் இட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்ன இடத்திலேயே இணைப்பு இருக்கிறது. செக்அவுட் பக்கத்தை நிரப்பத் தெரியாத பெரியவர்கள் தொலைபேசியிலேயே சேலையின் எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். அவர்களுக்கு நாங்களே நிர்வாகப் பகுதியில் ஆர்டரை உருவாக்கினால் இதே இணைப்பு கிடைக்குமா? எங்களிடம் ஒரு நிறத்தில் ஒரே ஒரு சேலைதான் இருக்கும் என்பதால் இருப்பைப் பற்றியும் கவலையாக இருக்கிறது.

வலைநெசவு:

அதே இணைப்பு கிடைக்கும். நீங்கள் கையால் உருவாக்கிய ஆர்டரை அந்தக் கால வரம்பு ரத்து செய்வதில்லை. ஆனால் 'பணம் நிலுவை' நிலையில் இருக்கும்வரை அத்தகைய ஆர்டர் இருப்பிலிருந்து எதையும் கழிப்பதும் இல்லை. அதே சேலையை அன்று மாலையே வேறொருவர் வாங்கிவிட முடியும். ஒற்றைச் சேலையாக இருந்தால், பணம் வரும்வரை அந்தப் பொருளைக் கடையின் பட்டியலில் தெரியாதபடி மறைத்துவைத்துவிடுங்கள்.

பெட்டிக்கடை_கணக்கர்:

வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் உள்ள ஒரு கடையின் கணக்குகளைப் பார்த்துவருபவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். இணைப்பு சரியாக இருந்தாலும், உங்கள் தளத்தில் பணத்தைப் பெற்றுத்தரும் பேமென்ட் கேட்வே சேவையில் வெளிநாட்டு அட்டைகளுக்கான அனுமதியைத் தனியாகப் பெற்றிருக்காவிட்டால் சிங்கப்பூர் வங்கியின் அட்டை ஏற்கப்படாமல் போகலாம். அதை முதலில் விசாரித்துவிடுங்கள். இந்தியாவில் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்குகள்) வைத்திருப்பவர்கள் வெளிநாட்டுக் கைப்பேசி எண்ணைக் கொண்டே யுபிஐ பயன்படுத்தலாம் என்று 2023 ஜனவரியில், யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுவனம் 10 நாடுகளுக்கு அனுமதி அளித்தது. சிங்கப்பூர், கனடா, அமெரிக்கா, பிரிட்டன், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவை அதில் அடங்கும் என்பதால், உங்கள் வாடிக்கையாளர்கள் பலருக்கு அதுவே எளிய வழியாக இருக்கும்.

பில்லிங் பகுதியில் மகனுடைய விவரம் இருக்கும்போது பார்சலின் மேல் அச்சாகும் தொலைபேசி எண்ணையும் அவசியம் பாருங்கள். கூரியர்காரர் வாசலில் நின்றுகொண்டு சிங்கப்பூர் எண்ணை அழைத்து, பதில் இல்லை என்று பார்சலைத் திருப்பி அனுப்பிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். பார்சலில் அம்மாவின் எண்தான் இருக்க வேண்டும்.

திருப்பித் தரும் பணத்தைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சேலையை அம்மா திருப்பி அனுப்பினாலும், பணம் எந்த வழியில் வந்ததோ அதே வழியில் மகனுக்குத்தான் திரும்பிச் செல்லும். வாடிக்கையாளர் வேறு வழிக்கு ஒப்புக்கொண்டாலொழிய இதுவே முறை என்று ரிசர்வ் வங்கி 2020இல் பேமென்ட் அக்ரிகேட்டர்களுக்கு (கடைகளுக்காகப் பணத்தைப் பெற்றுத்தரும் நிறுவனங்களுக்கு) வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் கூறின. அம்மா தன் கணக்கில் பணம் வரவில்லை என்று உங்களை அழைப்பதற்கு முன்பே, திருப்பி அனுப்பும் விதிகளை எழுதியுள்ள பக்கத்தில் இதை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

மலைக்கோட்டைவாசி:

பணம் செலுத்தும் இடத்தில் இருக்கும் மகள் என்ற முறையில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் பண இணைப்பை நான் ஒருபோதும் திறப்பதில்லை. என்னைப் போலத்தான் பலரும் இருப்பார்கள். ஆகவே இணைப்பை அம்மாவுக்கு அனுப்புங்கள், அவர் எங்களுக்கு அனுப்பட்டும். அதனுடன் ஆர்டர் எண்ணையும் மொத்தத் தொகையையும் எழுதிவிட்டால், அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டு ஒப்பிட்டுக்கொள்ள எங்களுக்கு வசதியாக இருக்கும். இணைப்பைச் சுருக்கி அனுப்பாமல், உங்கள் கடையின் இணையதளப் பெயர் முழுமையாகத் தெரியும்படி விட்டுவிடுங்கள். உங்கள் கடையிலிருந்து யாரும் ஓடிபியோ யுபிஐ பின் எண்ணோ கேட்க மாட்டார்கள் என்பதையும் அதே செய்தியில் ஒரு வரியாகச் சேர்த்தால், அதைப் படிக்கும் அம்மாக்களுக்கும் அது தெரிந்துவிடும்.