பழைய காரின் இக்னிஷன் பாகங்கள்: ஒரிஜினலா, வெளித் தயாரிப்பா?

கார்புரேட்டர் காதலன்: பாயிண்ட் செட் (காயிலின் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்), கண்டென்சர் (பாயிண்டில் பொறி பறக்காமல் காக்கும் மின்தேக்கி), ரோட்டார் (ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் சுழலி), காயில் (பிளக்கில் பொறி விழ உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) என அனைத்தையும் என் பழைய காரில் மாற்ற வேண்டியிருக்கிறது. நிறுவன முத்திரையுள்ள ஒரிஜினலைத் தேடிப் பிடிப்பதா, எளிதில் கிடைக்கும் வெளித் தயாரிப்பை வாங்குவதா?

ஒரிஜினல் கட்சி: ஒரிஜினலையே வாங்குங்கள். மலிவான பாயிண்ட் செட்டில், பாயிண்டைத் திறக்கும் கேமின் மேல் உரசும் கட்டை விரைவில் தேய்ந்துவிடுகிறது. தேயத் தேய, நீங்கள் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து ஏறத்தாழ 0.4 மி.மீ. என்று வைத்த பாயிண்ட் இடைவெளி குறுகி, டைமிங் (பொறி விழும் நேரம்) பின்தங்கி, வண்டி இழுவையை இழக்கும். ரோட்டார் இன்னும் மோசம். அதன் பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் சற்றே நீண்டிருந்தாலும், அதற்கும் கீழேயுள்ள ஷாஃப்டுக்கும் நடுவே காப்பு மெலிந்து, பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் ஷாஃப்ட் வழியாக எர்த் ஆகிவிடும்.

மல்டிமீட்டர்: ரோட்டாரைப் பற்றிச் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால், வண்டி நிறுவனங்கள் பெரும்பாலும் பிளக்கையும் காயிலையும் தாமே செய்வதில்லை. பாஷ், டென்சோ, என்ஜிகே போன்றவர்களிடம் வாங்கித் தம் பெட்டியில் போட்டு விற்கின்றன. அதே பிளக்கை அதே வெப்ப எண்ணோடு (பிளக் வெப்பத்தை வெளியேற்றும் திறனைக் குறிப்பது), செய்தவர் பெட்டியிலேயே வாங்கினால் எது குறைந்துவிடும்? அதோடு, பல்லாண்டுகள் அலமாரியில் கிடந்த ஒரிஜினல் கண்டென்சரை நான் நம்பமாட்டேன். உள்ளேயுள்ள காகிதச் சுருளில் ஈரம் ஏறியிருந்தால் முத்திரை காப்பாற்றாது. மீட்டரில் 0.2 முதல் 0.3 மைக்ரோஃபாரட் வரை காட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஒரிஜினல் கட்சி: நண்பரே, மேசையில் குளிர்ந்திருக்கும்போது சரியான அளவு காட்டும் கண்டென்சர்தான், இன்ஜின் சூடேறியதும் உள்ளே கசிந்து வண்டியை நடுவழியில் நிறுத்துகிறது. ஆறியதும் ஒன்றுமே நடவாததுபோல் ஸ்டார்ட் ஆகும். உங்கள் மீட்டர் இதை எப்படிக் காட்டும்?

மல்டிமீட்டர்: அந்தக் கோளாறைச் சாதாரண மீட்டர் காட்டாது, உண்மைதான். ஆனால் அது பெட்டிக்குள் இருப்பது ஒரிஜினல்தானா என்பதையும் காட்டாது, போலிப் பெட்டிகள் அச்சாவதை நீங்களும் அறிவீர்கள். காயிலிலோ மீட்டர் நிச்சயம் உதவும். பாலாஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் தனி மின்தடை) இல்லாத 12 வோல்ட் வண்டிக்குப் பொதுவாக 3 ஓம் அளவிலான பிரைமரி சுருள் உள்ள காயில் வேண்டும். பாலாஸ்டுக்கென்று செய்த 1.5 ஓம் காயிலை நேரடியாக மாட்டினால், அது எவ்வளவு உயர்ந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் பாயிண்ட் கருகும், காயில் கொதிக்கும்.

கார்புரேட்டர் காதலன்: பாயிண்டையே எடுத்துவிட்டு, அதன் வேலையைச் செய்யும் எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டால் இந்தத் தகராறே இருக்காதே?

ஒரிஜினல் கட்சி: பாயிண்ட் கெடுவதற்கு முன் முக்கி முனகி அறிவிப்புக் கொடுக்கும், மாட்யூல் பெரும்பாலும் சொல்லாமல் போய்விடும். பேட்டரியைத் துருவம் மாற்றி இணைத்தாலே பல மாட்யூல்கள் போய்விடும்.

மல்டிமீட்டர்: அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, ஏனெனில் தேயும் கட்டையும் கருகும் பாயிண்டும் அதில் இல்லை. மாட்டுவதானால், கழற்றிய பாயிண்ட் தட்டைக் கண்டென்சரோடு டிக்கியில் போட்டு வையுங்கள். ரோட்டாரை மட்டும் ரிவெட் இல்லாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். அதில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி.