ஒருவர் கையை அறியும் கணினி இன்னொருவர் கையை அறியாதது ஏன்?

லாஸ்பேட்டை மாணவன்:
அனைவருக்கும் வணக்கம். இந்தியச் சைகை மொழியில் விரல்களால் காட்டப்படும் 26 ஆங்கில எழுத்துகளையும் லேப்டாப் கேமரா வழியாக அடையாளம் காண்பது என் இறுதியாண்டு புராஜெக்ட். படத்தில் கையின் மூட்டுகளையும் விரல் நுனிகளையும் கண்டறியும் ‘மீடியாபைப்’ என்ற மென்பொருள் ஒரு கைக்குத் தரும் 21 புள்ளிகளின் இருப்பிடங்களை அப்படியே எடுத்து, படங்களைக் குலுக்கி, பயிற்சிக்கு 80 விழுக்காடு, சோதனைக்கு 20 விழுக்காடு என்று பிரித்து, எழுத்தைக் கணிக்கும் மாடலுக்குப் பயிற்சி கொடுத்தேன். துல்லியம் 98 விழுக்காடு வந்தது. ஆனால், கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும், பிறவியிலேயே காது கேளாத என் சித்தப்பா காட்டியபோது பாதிக்கு மேல் தவறாகவே வந்தது. வீடியோக்கள் அனைத்தும் நானும் என் அறைத்தோழரும் எடுத்தவை. இன்னும் சில ஆயிரம் படங்கள் சேர்த்தால் சரியாகுமா?

திருப்பாதிரிப்புலியூர்க்காரர்:
அதே இருவரின் படங்களைச் சேர்ப்பதால் பயனில்லை, தம்பி. ஒரு வீடியோவின் அடுத்தடுத்த படங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அவற்றைக் குலுக்கினால் பயிற்சியில் பார்த்ததே சோதனையிலும் வரும். வினாத்தாளை முன்கூட்டியே கொடுத்துவிட்டுத் தேர்வு நடத்தியது போன்றதுதான் அந்த 98. ஆள் வாரியாகப் பிரித்து, பயிற்சியில் இல்லாத ஒருவரை வைத்துச் சோதியுங்கள்.

அடுத்து, புள்ளிகளை அப்படியே கொடுத்தால் கை திரையின் எந்த மூலையில் இருந்தது, கேமராவுக்கு எவ்வளவு அருகில் இருந்தது என்பதையும் மாடல் சேர்த்தே கற்றுக்கொள்ளும். மணிக்கட்டுப் புள்ளியைச் சுழியாக வைத்து, அங்கிருந்து நடுவிரலின் அடி வரையுள்ள தொலைவால் எல்லாவற்றையும் வகுத்துவிடுங்கள். இதில் ஒரு பொறி உண்டு, நானே அதில் விழுந்திருக்கிறேன். அமெரிக்கச் சைகை மொழியில் எழுத்துகளுக்கு ஒரு கை போதும். நம்முடையதில் பெரும்பாலும் இரண்டு கைகள் வேண்டும். ஒவ்வொரு கையையும் அதனதன் மணிக்கட்டைக் கொண்டு சீராக்கினால், ஒரு கையின் விரல் மற்ற கையை எங்கே தொடுகிறது என்பதே தொலைந்துபோகும். ஆகவே இரு மணிக்கட்டுகளுக்கு இடையிலான திசையையும் தொலைவையும் தனியாகச் சேருங்கள். ஒரு கை மற்றதை மறைக்கும்போது மீடியாபைப் சில சமயம் ஒரு கையைத் தவறவிட்டுவிடும். அத்தகைய படங்களைப் பயிற்சியிலிருந்து நீக்கிவிடாதீர்கள், நேரில் அதுதான் நடக்கும்.

முத்தியால்பேட்டை அக்கா:
என் தம்பி காது கேளாதவன் என்பதால் சொல்கிறேன். அவன் பேச்சில் எழுத்தெழுத்தாகக் காட்டுவது பெயருக்கும் தனிச் சைகை இல்லாத சொல்லுக்கும்தான். மற்றவையெல்லாம் முழுச் சொற்கள், அவற்றில் அசைவே பாதிப் பொருள். ‘என்ன’, ‘எங்கே’ போன்ற வினாச் சொற்கள் வாக்கியத்தின் கடைசியில் வரும். ஆம், இல்லை என்று பதில் கேட்கும் வினாவைப் புருவமே சொல்லிவிடும். கையை மட்டும் பார்க்கும் கணினிக்குக் கேள்வியும் செய்தியும் ஒன்றுதான். சென்னை ஐஐடியின் ‘ஏஐ4பாரத்’ குழு 2020-இல் வெளியிட்ட ‘இன்குளூட்’ தொகுப்பில் 263 சொற்களுக்கான வீடியோக்கள் உள்ளன. 26 எழுத்துகளை விட்டுவிட்டு, அதிலிருந்து உங்கள் சித்தப்பா அன்றாடம் சொல்லும் 20 சொற்களை எடுத்தால் அவருக்கும் உதவும் என்பது என் கருத்து.

லாஸ்பேட்டை மாணவன்:
இருவருக்கும் நன்றி. அறைத்தோழரைப் பயிற்சியிலிருந்து விலக்கி அவரையே சோதனைக்கு வைத்தேன். 98 இருந்த இடத்தில் 61 வந்தது. இரு கைகளுக்கு இடையிலான தொலைவைச் சேர்த்தபின் 74 ஆனது. அக்கா சொன்னதைச் சித்தப்பாவிடம் காட்டியதும் 20 சொற்களையும் அவரே தேர்ந்தெடுத்துவிட்டார். முதல் சொல் ‘மீன்’. ஞாயிற்றுக்கிழமை அவருடைய நண்பர்கள் நால்வரும் கேமரா முன் அமர வருகிறார்கள்.