ஹவுஸ் சர்ஜன் நாட்கள்: பாம்புக்கடி கற்றுக்கொடுத்தது

தருமபுரி மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி மருத்துவராக இருந்தபோது, பாம்புக்கடி பற்றி நான் கற்றதில் பெரும்பகுதி இரவு டூட்டியில்தான். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கமிருந்து 108-இல் கொண்டுவருவார்கள்.

நமக்குக் கிடைப்பது எடுபிடி வேலை. 2 மி.லி. ரத்தம் எடுத்துக் கண்ணாடி ட்யூபில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். அப்புறம் ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்போம். உறையாமல் ஓடினால் பெரும்பாலும் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம். பிளாஸ்டிக் ட்யூப் ஆகாது, சோப்பு போட்டுக் கழுவியதும் ஆகாது. நல்ல ரத்தமே உறையாமல் நின்று ஏமாற்றிவிடும். இதைச் சொல்லிக்கொடுத்தது ஸ்டாஃப் நர்ஸ் அக்கா. "தம்பி, அதை எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க, ஸ்டாண்டுலயே இருக்கட்டும்" என்பார்.

ஒரு விடியற்காலை, தரையில் படுத்திருந்த பெண்ணை வயிற்றுவலி என்று கூட்டிவந்தார்கள். கடித்த தடம் எதுவும் தெரியவில்லை. சந்தேகத்தில் வைத்த ட்யூபில் ரத்தம் அழகாக உறைந்திருந்தது. சரி, பாம்பு இல்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். கூட வந்த மாமியார்தான், "தூக்கக் கலக்கமாவே இருக்கறா சார், கண்ணைத் தொறக்க மாட்டேங்கறா" என்றார். மேல்படிப்பு படிக்கும் டாக்டரான பிஜி அண்ணன் உடனே டார்ச்சை எடுத்தார். மேலே பார்க்கச் சொன்னால் இமை ஏறவில்லை. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னார்; பாதியிலேயே குரல் தேய்ந்தது. கட்டு விரியன்! பெயரில் விரியன் இருந்தாலும் இது வேறு வகை. அதன் விஷம் நரம்பைத் தாக்கும், ரத்தம் உறைவதைக் கெடுக்காது. கடித்த இடத்தில் வலியும் பெரிதாக இருக்காது, அதனால் தூக்கத்தில் கடித்தால் தெரியாமலே போகும். விஷமுறிவு மருந்து ஏறும்போதே வென்டிலேட்டரும் தேவைப்பட்டது. பிழைத்துக்கொண்டார். பாடத்தில் இதெல்லாம் படித்ததுதான், ஆனால் மாமியார் சொல்வதைக் கேள் என்று எந்தப் பாடத்தில் இருக்கிறது?

பதில்:

நான் கிருஷ்ணகிரியில் பயிற்சி எடுத்தவள். குழந்தைகள் வார்டில் எதற்கும் எடை பார்த்துத்தான் மருந்து. பாம்புக்கடிக்கும் அப்படியே கணக்குப் போட உட்கார்ந்த எங்கள் பேட்ச் பையனிடம் மேடம் கேட்டார்: "பாம்பு என்ன, ஆள் பார்த்தா விஷம் விடுது?" விஷமுறிவு மருந்து சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் ஒரே அளவுதான். இன்னொன்று, கயிறு இறுக்கிக் கட்டி வருகிறவர்களுக்குச் சட்டென்று அவிழ்த்துவிடாதீர்கள். தேங்கியிருந்த விஷம் ஒரேயடியாக ஏறும். ட்ரிப் லைன் போட்டு, மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவிழ்க்க வேண்டும்.