ஃபால் செமஸ்டரில் வீட்டிலிருந்தே இன்டர்ன்ஷிப்: சிபிடி இடைவெளியில் வேலை செய்யலாமா?

கேள்வி: கொலம்பஸ் மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் எஃப்-1 மாணவர் விசாவில் வந்து, ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் கணினி அறிவியலில் எம்.எஸ். படிக்கிறேன். சென்ற ஆகஸ்டில் சேர்ந்து இரண்டு செமஸ்டர்களை முடித்த பிறகு, இந்தக் கோடையில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் முழுநேர இன்டர்னாக, அலுவலகத்துக்கு நேரில் சென்று பணியாற்றினேன். அதற்கான சிபிடி (படிப்பின் பகுதியாக வெளி நிறுவனத்தில் பயிற்சி பெறுவதற்கான) அனுமதி ஆகஸ்ட் 15-ஆம் தேதியுடன் முடிகிறது. அடுத்த மே மாதம் பட்டம் பெற்று, அதன்பின் ஓபிடிக்கு (படிப்பு முடிந்தபின் துறை சார்ந்த வேலை செய்வதற்கான அனுமதி) விண்ணப்பிக்கும் எண்ணத்தில் இருக்கிறேன்.

என் வேலை பிடித்துப்போனதால், ஃபால் (ஆகஸ்ட்–டிசம்பர்) செமஸ்டரிலும் கொலம்பஸில் வீட்டிலிருந்தபடியே வாரத்துக்கு 25 மணி நேரம் தொடரும்படி மேலாளர் கேட்டிருக்கிறார். துறையில் இதற்கென உள்ள இன்டர்ன்ஷிப் பாடத்தில் பதிவு செய்துவிட்டேன். ஆனால் ஆகஸ்ட் மாதம் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கூட்டம் அதிகம் என்பதால், சிபிடி அனுமதி அச்சாகி வரும் பல்கலைக்கழகச் சான்றான புதிய ஐ-20 கைக்கு வர செப்டம்பர் முதல் வாரம் ஆகிவிடும் என்று சொல்கிறார்கள். இடைப்பட்ட நாட்களுக்கு மேலாளர் இரண்டு வழிகளைச் சொல்கிறார். ஒன்று, அதுவரை சம்பளமில்லாமல் வேலை செய்வது. பிறகு அதை வேறு விதத்தில் ஈடுகட்டிவிடலாம் என்கிறார். மற்றொன்று, நிறுவனத்தின் சென்னைக் கிளை வழியாக என் இந்திய வங்கிக் கணக்குக்கு ரூபாயில் பணம் அனுப்புவது. வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலைதானே, இதில் என்ன சிக்கல் வந்துவிடப் போகிறது என்பது அவர் வாதம்.

இவற்றில் எதையாவது ஏற்கலாமா? 25 மணி நேரத்துக்கு ஒப்புக்கொள்ளலாமா? வாரத்துக்கு 10 மணி நேரம் பேராசிரியர் ஒருவருக்கு விடைத்தாள் திருத்தும் வேலையும் எனக்கு உண்டு. மாநிலம் மாறுவதால் வரியில் ஏதேனும் கவனிக்க வேண்டுமா என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

பதில்: வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் பணியாற்றிய முன்னாள் மாணவர்

வணக்கம். முதலில் இடைவெளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்ற எல்லாவற்றையும் பின்னால் சரிசெய்துகொள்ள முடியும். பழைய சிபிடி முடிந்த நாளுக்கும் புதிய ஐ-20 இன் இரண்டாம் பக்கத்தில் அச்சாகியிருக்கும் தொடக்க நாளுக்கும் இடையில் அந்த நிறுவனத்துக்காக ஒரு மணி நேரம்கூட வேலை செய்யாதீர்கள். மேலாளர் சொல்லும் இரண்டு வழிகளும் வழிகளே அல்ல. நேற்றுவரை சம்பளம் வாங்கிச் செய்த அதே வேலையை இன்று சம்பளமில்லாமல் செய்தால் அது தன்னார்வத் தொண்டாகிவிடாது. பின்னால் ஈடுகட்டுவதாக அவரே சொல்லியிருப்பதால் அந்த வாதத்துக்குச் சிறிதும் இடமில்லை. சென்னைக் கிளை வழியாகப் பணம் தருவதும் அப்படித்தான். பணம் எந்த நாட்டில், எந்த நாணயத்தில் வந்து விழுகிறது என்பதைவிட, வேலையைச் செய்யும் நீங்கள் எந்த மண்ணில் இருக்கிறீர்கள் என்பதையே பார்ப்பார்கள். நீங்கள் இருப்பது கொலம்பஸில்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விதி உண்டு. பாட எண்ணிக்கை குறைந்துபோவது போன்ற காரணங்களால் எஃப்-1 நிலையை இழந்தவர், தகுந்த காரணம் காட்டி அதை மீட்டுத் தரும்படி விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த விண்ணப்பத்துக்கான நிபந்தனைகளில் ஒன்றே, விண்ணப்பதாரர் அனுமதியின்றி வேலை செய்திருக்கக் கூடாது என்பதுதான். ஆகவே மூன்று வார ஊதியத்துக்காக, திரும்பி வரும் கதவையும் சேர்த்து அடைத்துக்கொள்ள வேண்டாம்.

மேலாளரிடம் இதை உங்கள் பயமாகச் சொல்லாமல், நிறுவனத்தின் கடமையாகச் சொல்லுங்கள். நீங்கள் வேலையில் சேர்ந்தபோது வேலை செய்யும் தகுதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்தை அவர்கள் நிரப்பியிருப்பார்கள். அதில் உங்கள் அனுமதி முடியும் நாள் பதிவாகியிருக்கும். அந்த நாளுக்குப் பின்னும் உங்களை வேலையில் வைத்திருக்க வேண்டுமானால் புதிய ஐ-20-ஐப் பார்த்து மறுசரிபார்ப்பு செய்வது முதலாளியின் பொறுப்பு. எச்ஆர் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, "என் அனுமதி ஆகஸ்ட் 15-இல் முடிகிறது, புதிய ஐ-20 வந்ததும் பணியைத் தொடர்கிறேன்" என்று தெரிவித்துவிடுங்கள். மேலாளர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் இப்படிச் சொல்வதில்லை. விதி தெரியாததால் சொல்கிறார்கள். எச்ஆர் தலையிட்டதும் பேச்சு அடங்கிவிடும்.

அடுத்தது 25 மணி நேரம். வாரத்துக்கு 20 மணி நேரம் அல்லது அதற்குக் குறைவு என்றால் பகுதிநேர சிபிடி. அதைத் தாண்டினால் முழுநேரம். முழுநேர சிபிடி மொத்தம் 12 மாதங்களை எட்டினால் அதே படிப்பு நிலைக்குரிய ஓபிடி முற்றிலும் கிடைக்காமல் போய்விடும், அதோடு அதன் நீட்டிப்பான 24 மாத ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பத் துறைகளுக்கான) ஓபிடியும் போய்விடும். பகுதிநேர சிபிடி இந்தக் கணக்கில் சேராது. கோடையில் ஏறத்தாழ மூன்று மாதங்களை நீங்கள் ஏற்கெனவே செலவழித்துவிட்டீர்கள். ஃபாலிலும் ஸ்பிரிங்கிலும் (ஜனவரி–மே) 25 மணி நேரம் செய்தால் 12 மாத எல்லையின் வாசற்படிக்கே வந்து நிற்பீர்கள். அது ஒருபுறமிருக்க, பாடங்கள் நடக்கும் செமஸ்டரில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் முழுநேர சிபிடியைத் தருவதே இல்லை. எனவே 20 என்று நிர்ணயித்துக்கொள்ளுங்கள். விடைத்தாள் திருத்தும் பணி வளாக வேலை என்பதால் அதற்குத் தனியான 20 மணி நேர வரம்பு இருக்கிறது. ஆனால் சில பல்கலைக்கழகங்கள் இரண்டையும் கூட்டியே வரம்பு வைக்கின்றன. உங்கள் டிஎஸ்ஓவிடம் (வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஐ-20 வழங்கும் அதிகாரி) இதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்று: சான் ஹோசேயிலிருந்து கொலம்பஸுக்குத் திரும்பியதும் பத்து நாட்களுக்குள் புதிய முகவரியைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். புதிய வேலைக் கடிதத்தில் நிறுவன முகவரி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், தொடக்க நாள், முடிவு நாள், வேலை வீட்டிலிருந்து நடக்கிறது என்ற குறிப்பு, உங்களை மேற்பார்வையிடுபவர் யார், எப்படி என்பவை எல்லாம் இருக்கட்டும். வீட்டிலிருந்து வேலை என்றால் மேற்பார்வையைப் பற்றி டிஎஸ்ஓக்கள் கேட்பது வழக்கம். கடிதம் திரும்பி வந்தால் மீண்டும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

பதில்: சியாட்டிலில் பணியாற்றுபவர்

மேலே உள்ள பதிலோடு முழுவதும் உடன்படுகிறேன். நானும் ஒரு ஃபால் செமஸ்டர் முழுவதும் இப்படித் தொலைவிலிருந்து வேலை செய்தவன் என்பதால், நடைமுறையில் எங்கே இடறும் என்பதைச் சொல்கிறேன்.

20 மணி நேரம் என்பது ஒவ்வொரு வாரத்துக்கும் உரிய உச்சவரம்பு, சராசரி அல்ல. இந்த வாரம் 24, அடுத்த வாரம் 16 என்று சரிக்கட்டிக்கொள்ளலாம் என நினைக்கக் கூடாது. அலுவலகத்துக்குப் போய்வரும்போது வேலை நேரம் தானாகவே தெரிந்துவிடும். வீட்டிலோ, இரவு பத்து மணிக்கு அலுவலக அரட்டைச் செயலியான ஸ்லாக்கில் ஒரு கேள்வி வரும். பதில் எழுத உட்கார்ந்தால் பதினொன்றரை ஆகிவிடும், அது எந்தக் கணக்கிலும் ஏறாது. நேரப் பதிவேடு நிறுவனத்தில் இருக்கும், பின்னாளில் அது ஓர் ஆவணம் என்பதை நினைவில் வைத்து, வேலைக் கடிதத்திலேயே 18 மணி நேரம் என்று எழுதச் சொல்லுங்கள். மீதி இரண்டு மணி நேரம் இப்படிப்பட்ட கேள்விகளிலேயே கரைந்துவிடும்.

நேர வேறுபாட்டையும் இப்போதே பேசிவிடுங்கள். கலிஃபோர்னியாவில் காலை 9:30-க்கு நடக்கும் அன்றாடக் கூட்டம் கொலம்பஸில் பிற்பகல் 12:30-க்கு வரும். பாடவேளைகள் நெருக்கமாக இருக்கும் நேரம் அது. கோடையில் முழு நாளும் கையிலிருந்ததால் தெரியாமல் போன சிரமம் அக்டோபரில் இடைத்தேர்வு வரும்போது தெரியும். வாரத்தில் இரண்டு நாட்கள் மட்டும் கூட்டத்தில் கலந்துகொள்வேன், மற்ற நாட்களில் எழுத்தில் தெரிவிப்பேன் என்று செமஸ்டரின் தொடக்கத்திலேயே கேட்டால் தருவார்கள். நடுவில் கேட்டால் ஆர்வம் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். டிசம்பர் இறுதித் தேர்வு வாரத்தில் வேலை இல்லை என்பதையும் அப்போதே சொல்லிவைப்பது நல்லது.

பதில்: வரிப் படிவ உதவியாளர்

வரியைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். சான் ஹோசேயில் இருந்து ஈட்டிய கோடை ஊதியத்துக்கு நீங்கள் கலிஃபோர்னியாவுக்கு, வெளிமாநிலத்தவருக்கான வரிப் படிவமான 540என்ஆர் தர வேண்டும். கொலம்பஸில் உட்கார்ந்து ஈட்டும் ஃபால் ஊதியம், நிறுவனம் கலிஃபோர்னியாவில் இருந்தாலும், அந்த மாநிலத்துக்கு உரியதல்ல. அது ஒஹாயோவின் கணக்கு. எனவே பணியைத் தொடரும் முதல் நாளுக்கு முன்பே ஊதியப் பிரிவில் உங்கள் வேலை இடத்தை மாற்றச் சொல்லுங்கள். இதைச் செய்யாவிட்டால் டிசம்பர் வரை கலிஃபோர்னியா வரியே பிடித்தமாகும்; பிறகு அங்கிருந்து திரும்பப் பெற்று இங்கே கட்ட வேண்டிய அலைச்சல் வரும்.

ஒஹாயோவில் நகரங்களும் தனியே வருமான வரி வசூலிக்கின்றன என்பது வெளியிலிருந்து வருபவர்களுக்குத் தெரிவதில்லை. கொலம்பஸின் விகிதம் 2.5 சதவீதம். வேறு மாநில நிறுவனம் அதைப் பிடித்தம் செய்யாமல் விட்டால், கணக்குக் காட்டிக் கட்டும் பொறுப்பு உங்களுடையது.

சம்பளச் சீட்டில் சமூகப் பாதுகாப்பு 6.2 சதவீதம், மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீட்டு வரி) 1.45 சதவீதம் ஆகியவை பிடிக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். எஃப்-1 மாணவர்கள் வரிக் கணக்கில் வெளிநாட்டவராக இருக்கும் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளில், அனுமதி பெற்றுச் செய்யும் வேலைக்கு இவை இரண்டிலிருந்தும் விலக்கு உண்டு. தவறிப் பிடித்திருந்தால் முதலில் நிறுவனத்திடமே திரும்பக் கேளுங்கள். அவர்கள் தராவிட்டால்தான் வரித்துறையிடம் திரும்பக் கோரும் படிவம் 843. ஆண்டு முடிந்ததும் 1040-என்ஆர் எனும் கூட்டாட்சி வருமான வரிப் படிவத்தோடு, உங்கள் மாணவர் நிலையைக் காட்டும் 8843-ஐயும் அனுப்ப வேண்டும். இந்திய மாணவர்கள் இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவின்படி நிலையான கழிவை (வரி கணக்கிடும் முன் வருமானத்திலிருந்து கழிக்கப்படும் குறிப்பிட்ட தொகை) கோரலாம். மற்ற பெரும்பாலான நாட்டு மாணவர்களுக்கு இல்லாத சலுகை இது, விட்டுவிடாதீர்கள்.

இடைக்கேள்வி: ஜனவரியில் சேர்ந்த மாணவர்

மன்னிக்கவும், இதே விஷயத்தில் என் ஐயம். நான் ஸ்பிரிங் செமஸ்டரில், அதாவது இந்த ஜனவரியில்தான் எம்.எஸ். படிப்பில் சேர்ந்தேன். எனக்கும் ஃபாலில் வீட்டிலிருந்து செய்யும் இன்டர்ன்ஷிப் ஒன்று வந்திருக்கிறது. வீட்டிலிருந்துதான் வேலை என்பதால் விதி தளருமா?

பதில்: வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் பணியாற்றிய முன்னாள் மாணவர்

தளராது, தம்பி. சிபிடிக்கு ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும். கோடை விடுமுறை பொதுவாக அதில் சேராது என்பதால், உங்களுக்கு அது டிசம்பரில்தான் முடியும். எல்லா மாணவர்களும் தொடக்கத்திலேயே பயிற்சிக்குச் செல்ல வேண்டும் என்று பாடத்திட்டமே கட்டாயப்படுத்தும் முதுநிலைப் படிப்புகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்கைச் சொல்லி 'டே-1 சிபிடி' (சேர்ந்த முதல் நாளிலிருந்தே சிபிடி) என்று ஆள் சேர்க்கும் கல்லூரிகளுக்கு இதற்காக மட்டும் மாறிவிடாதீர்கள். பின்னாளில் எச்-1பி வேலை விசா மனுவின்போது கூடுதல் விளக்கம் கேட்கப்படும் இடம் அது. நிறுவனத்திடம் தொடக்க நாளை ஜனவரிக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். அதுவரை உங்கள் துறையிலேயே ஒரு பேராசிரியரிடம் ஆய்வு உதவியாளராக வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். வளாக வேலைக்கு இந்த ஓராண்டு நிபந்தனை இல்லை.

தொடர்ச்சி: கொலம்பஸ் மாணவி

அனைவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி எச்ஆர் பிரிவுக்கு எழுதினேன். புதிய ஐ-20-ஐப் பார்க்காமல் என் கணக்கைத் திறக்க முடியாது என்று அவர்களே மேலாளருக்குத் தெரிவித்துவிட்டார்கள். மடிக்கணினியை மட்டும் என்னிடமே வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். வாரத்துக்கு 18 மணி நேரம் என்று புதிய கடிதமும் வந்துவிட்டது. வளாக வேலையையும் கூட்டியே 20 மணி நேர வரம்பு என்று டிஎஸ்ஓ பதில் அளித்திருப்பதால், விடைத்தாள் திருத்தும் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி மீதமிருக்கிறது. இடைப்பட்ட நாட்களில் குழுவின் மின்னஞ்சல்களைப் படிப்பது மட்டும் பரவாயில்லையா?

பதில்: சியாட்டிலில் பணியாற்றுபவர்

வேண்டாம். படித்தால் பதில் எழுதத் தோன்றும், பதில் எழுதினால் அது வேலை. மடிக்கணினியை மூடி வையுங்கள். ஐ-20 வந்த பிறகு, அதில் உள்ள தொடக்க நாளைப் பார்த்துவிட்டுத் திறக்கலாம். தேதி தவறாக அச்சாகியிருப்பதும் உண்டு, ஆகவே நிறுவனத்தின் பெயர், மணி நேரம், தொடக்க நாள், முடிவு நாள் எல்லாவற்றையும் வேலைக் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, டிஎஸ்ஓ கையொப்பத்தின் கீழ் நீங்களும் கையெழுத்திட்டுவிட்டு எச்ஆர் பிரிவுக்கு அனுப்புங்கள். கோடைக்கான பழைய ஐ-20-ஐயும் எறிந்துவிடாதீர்கள்.