புதுப்பிப்பு: நிலாவையே உருட்டியாச்சு!

'கட்டமாரி டமாசி' வீடியோ கேமில் கன்ட்ரோலரின் இரண்டு ஸ்டிக்கையும் சேர்த்துத் தள்ளினால் உருண்டை கண்டபடி ஓடுகிறது என்று போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன். இப்போது கை பழகிவிட்டது. நேற்று ராத்திரி 300 மீட்டர் நிலாவையும் உருட்டி முடித்துவிட்டேன்!

கெய்டா தகஹாஷி இயக்கி, 2004-இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட கேம் இது. அரசர் உடைத்துவிட்ட நட்சத்திரங்களை இளவரசன் பொருள்களை உருட்டிச் சேர்த்துப் புதிதாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான் கதை. உருண்டையைவிடச் சிறியதெல்லாம் ஒட்டிக்கொள்ளும். நீளமான பென்சில் ஒட்டினால் தடுக்கித் தடுக்கி உருளும், அதைக்கூட ரசிக்கிறேன். ஆனால் உச்சம் வேறு: சற்றுமுன் நம்மை முட்டித் தள்ளிய பூனை, உருண்டை பெருத்ததும் கத்திக்கொண்டே ஒட்டிக்கொள்ளும் பாருங்கள்! அதற்காகவே தூக்கம் போகிறது. கேமில் வரும் பாட்டுகள் வேறு காதைவிட்டுப் போகவில்லை. இன்று மறுபடி முதல் கட்டம், வெறும் 5 செ.மீ. உருண்டையிலிருந்து.